காய் கண்ணுக்குத் தெரியாத செஸ்: வீட்டில் பலகை வைத்து ஆட எது சரிவரும்?

பாளைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒரு மச்சினன் இருக்கான். மாசத்துக்கு ஒருதடவை பாளையங்கோட்டைக்கு வருவான். ஞாயிறு மத்தியானம் இலையை எடுத்த கையோட செஸ் போர்டை விரிச்சுடுவான். ஓப்பனிங், அதாவது ஆட்டம் தொடங்குற மூவ் வரிசை, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். முதல் பன்னிரண்டு மூவ் டீயைக் குடிச்சுக்கிட்டே வைப்பான். நான் அஞ்சாவதுலயே தாடையைத் தடவ ஆரம்பிச்சுடுவேன். தோக்கிறதுகூடப் பரவாயில்லை, நடுவுல பாடம் எடுக்கிறான் பாருங்க, அதுதான் தாங்கலை. "அத்தான், இது கேரோ கான். இ6 தள்ளுறதுக்கு முன்னாடி பிஷப்பை வெளியே எடுத்துடணும்." (கேரோ கான் கறுப்பு ஆடுற ஒரு ஓப்பனிங்; இ6-ன்னா இ நெடுவரிசையில ஆறாவது கட்டம்.)

போன தடவை செஸ்960 ஆடிப் பார்த்தோம். பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைக்கிற ஆட்டம், முன்னாள் உலக சாம்பியன் பாபி பிஷர் 1996-ல பியூனஸ் அயர்ஸ்ல அறிவிச்சது. மனப்பாடம் செல்லலை, வாஸ்தவம். ஆனா ரெண்டு பேரும் ஒரே பலகையைத்தான் பார்க்கிறோம், அவனுக்கு எனக்குத் தெரியாததெல்லாம் தெரியுது. இருபது மூவ்ல கதை முடிஞ்சுபோச்சு.

அவனுக்கும் ஒண்ணும் தெரியாத மாதிரி ஒரு ஆட்டம் வேணும். எதிராளி காயை மறைச்சு ஆடுற வகை இருக்குன்னு கேள்விப்பட்டேன். போன் வேண்டாம், போன்ல அவன் இன்னும் மோசம். வீட்டுல ஒரு மரப்பலகை, மகளோட சுருட்டுற பாய்ப்பலகை, ஒரு சிப்பாய் தொலைஞ்ச காந்தப்பலகை, ஆக மூணு இருக்கு. மகளுக்கு பதினொரு வயசு, காய் நகர்த்தத் தெரியும். வர்ற ஞாயிறு வர்றான். சொல்லுங்க.


நடுவர்64:

அண்ணாச்சி, மூன்று பலகை, மூன்று பேர். வேறு எதையும் தேட வேண்டாம், உங்களுக்கானது கிரீக்ஸ்பீல். ஜெர்மனில் போர் விளையாட்டு என்று அர்த்தம். பிரஷ்யப் படை அதிகாரிகள் வரைபடத்தை விரித்து, நடுவில் ஒரு நடுவரை வைத்து ஆடிய பயிற்சிக்கு அந்தப் பெயர். அந்த நடுவரை 1899-ல் சதுரங்கத்துக்குக் கூட்டி வந்தவர் ஹென்றி மைக்கேல் டெம்பிள் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர். கணித மேதை ஜான் நாஷ் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலையில் படித்த காலத்தில் கணிதத் துறைப் பொது அறையில் இதுதான் ஓடியது. அமெரிக்க ராணுவத்துக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்த ராண்ட் நிறுவனத்திலும் மதிய உணவு வேளையில் இதே கூத்துதான். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. 2001-லிருந்து 2004 வரை கோவை ஹாஸ்டல் ஒன்றில் மெஸ் மூடிய பிறகு ஆடினோம். எனக்கு ஆட்டம் சுமார், அதனால் என்னை நடுவராக்கிவிட்டார்கள்.

அமைப்பு சுலபம். ஆடுகிற இருவரும் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஆளுக்கொரு பலகை. உங்கள் காய்கள் உங்கள் பலகையில் சரியாக இருக்கும்; எதிராளி காய்களை ஊகத்துக்கு எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். உண்மையான நிலை மூன்றாவது பலகையில், நடுவரிடம். நீங்கள் உங்கள் பலகையில் ஒரு காயை நகர்த்திக் காட்டுவீர்கள். வாய் திறக்கக் கூடாது. விதிப்படி செல்லும் என்றால் நடுவர் "வெள்ளை ஆச்சு" என்பார். செல்லாது என்றால் "நடக்காது". வேறு ஒன்றை முயல வேண்டியதுதான், அதற்குத் தண்டனை இல்லை. காய் வெட்டுப்பட்டால் எந்தக் கட்டத்தில் என்று மட்டும் சொல்வார், எது வெட்டியது என்று சொல்லமாட்டார். செக் என்றால் திசை சொல்வார்: குறுக்கு வரிசை, நெடுவரிசை, நீளமூலை, குட்டைமூலை, குதிரை. ராஜா நிற்கும் கட்டத்தின் வழியாகப் போகிற இரண்டு மூலைக்கோடுகளில் பெரியது நீளமூலை, சின்னது குட்டைமூலை. சிப்பாய் ராணியானால் அறிவிப்பு கிடையாது.

இன்னொரு கேள்வி உண்டு. நகர்த்துவதற்கு முன், "என் சிப்பாய் எதையாவது வெட்ட வழி இருக்கிறதா?" என்று நடுவரிடம் கேட்கலாம். ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல்தான். எங்கள் நாகர்கோவில் அறைத்தோழன் அதை "உண்டா?" என்று ஆக்கினான், அப்படியே நின்றுவிட்டது. "இல்லை" என்றால் விஷயம் முடிந்தது. "உண்டு" என்றால் ஒரு தடவையாவது சிப்பாயால் வெட்ட முயன்றே ஆக வேண்டும். அந்த முயற்சி "நடக்காது" ஆகிவிட்டால் அதற்கப்புறம் உங்கள் இஷ்டம். கேள்வி, பதில், நடக்காது எல்லாமே எதிராளி காதிலும் விழும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் கேள்வி கேட்பதும் நகர்த்துவதும் ஒன்றுதான். ஏ1-ல் இருக்கும் யானையை ஏ8 வரை தள்ளிப் பார்க்கிறீர்கள். "நடக்காது" என்றால் வழியில் யாரோ நிற்கிறான், ஓசியில் தெரிந்துகொண்டீர்கள். "ஆச்சு" என்றால்? உங்கள் யானை இப்போது ஏ8-ல், எதிரி வீட்டு வாசலில். திரும்பி வர முடியாது. "ஆச்சு" வந்தாலும் தாங்கும் என்றால் மட்டும் கேளுங்கள். உங்கள் மச்சினன் முதல் ஆட்டத்திலேயே இதில் விழுவான்.

எங்கள் நாகர்கோவில்காரன் விழுந்ததைச் சொல்கிறேன். அவன் கறுப்பு, தஞ்சாவூர்க்காரன் வெள்ளை. வெள்ளை கோட்டை கட்டி ராஜா ஜி1-ல், யானை எஃப்1-ல். எஃப் சிப்பாய் முன்னே போய்விட்டதால் ஒரு மூலைக்கோடு திறந்து கிடக்கிறது. கறுப்பு பிஷப்பை சி5-ல் வைத்தான். "கறுப்பு ஆச்சு. வெள்ளைக்கு செக், நீளமூலை." தஞ்சாவூர் யோசித்துவிட்டு ராஜாவை எச்1-க்கு நகர்த்தினான். நான் "வெள்ளை ஆச்சு" என்றேன், அவ்வளவுதான்.

கறுப்புக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராஜா ஒதுங்கினானா, இல்லை நடுவில் எதையாவது மறித்து வைத்தானா? பிஷப்பை ஜி1 வரை தள்ளிப் பார்ப்போம், ராஜா அங்கேயே இருந்தால் நடக்காது, குறுக்கே யாராவது இருந்தாலும் நடக்காது, எப்படியும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறான். மூன்றாவது சாத்தியத்தை மறந்துவிட்டான். தள்ளினான். வழி காலி, ஜி1 காலி. நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு "கறுப்பு ஆச்சு" என்றேன்.

பிஷப் இப்போது வெள்ளை ராஜாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக்கு அது தெரியாது! செக்கும் இல்லை. கட்டில் மேல் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எட்டுப் பேரும் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர் சாவகாசமாக, ஜி வரிசையில் தாக்கலாம் என்று யானையை எஃப்1-லிருந்து ஜி1-க்கு நகர்த்தினான். "வெள்ளை ஆச்சு. ஜி1-ல் வெட்டு." வெட்டியவனே திரும்பிப் பார்த்துவிட்டான்.

இதில் நடுவர் இடம்தான் ராஜ உபசாரம். ஆனால் கஷ்டமும் அங்கேதான். முகம் காட்டிக் கொடுக்கும், யோசிக்கிற நேரம் காட்டிக் கொடுக்கும். "நடக்காது" என்பதை எப்போதும் ஒரே வேகத்தில் சொல்ல மகளைப் பழக்குங்கள். "நடக்கா...து" என்று இழுத்தால் மச்சினன் அதிலிருந்தே ஒரு குதிரையைக் கண்டுபிடித்துவிடுவான். அதைவிட முக்கியம் தப்பு செய்யாமல் இருப்பது. ஒருமுறை ராஜாவுக்கு மறைவாக நின்ற குதிரையை வெள்ளை நகர்த்தியபோது கவனிக்காமல் "ஆச்சு" சொல்லிவிட்டேன். எதிரி பிஷப்பின் வழி திறந்து வெள்ளை ராஜா செக்கில் நிற்கிறது, யாருக்கும் தெரியாது. ஐந்து மூவ் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. வாயைத் திறக்கவில்லை. தானாக ஒரு சிப்பாய் வந்து அந்தக் கோட்டை அடைத்த பிறகுதான் மூச்சு வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இரண்டு பேரிடமும் இன்றுவரை சொன்னதில்லை.

தொலைந்த சிப்பாய்க்குச் சட்டைப் பொத்தான் போதும். மகளை ஒரு நோட்டில் மூவ்களை எழுதிவரச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்து மூன்று பலகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பாதி சுகம். உங்கள் பலகையில் அவன் ராணி ஒரு மூலையில் இருக்கும், நிஜத்தில் அது பத்து மூவுக்கு முன்பே வேறெங்கோ போயிருக்கும்.


சோழமண்டலம்:

இது கண்ணைக் கட்டிக்கிட்டு ஆடுறதுதானே? 2011 வரைக்கும் நடந்த மொனாக்கோ ஆம்பர் போட்டியில ஆனந்த் ஆடுவாரே, அதுவா?


நடுவர்64:

இல்லைங்க, நேர் எதிர். ஆம்பரில் பலகையில் காய் தெரியாது, ஆனால் எதிராளி வைத்த ஒவ்வொரு மூவும் சொல்லப்படும். எல்லாம் தெரியும், நினைவில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அது ஆனந்துக்கு அல்வா. கிரீக்ஸ்பீலில் நினைவு எவ்வளவு இருந்தாலும், சொல்லாததை எப்படி நினைவில் வைப்பது? பிஷப்பும் குதிரையும் மட்டும் வைத்துக்கொண்டு தனி ராஜாவை மேட் செய்வது வெளிச்சத்திலேயே பலருக்குத் தண்ணி காட்டும். இருட்டில் அதைச் செய்வது எப்படி என்று தாமஸ் ஃபெர்குசன் என்ற கணிதப் பேராசிரியர் 1992-ல் ஒரு கட்டுரையே எழுதினார்.


ஈசூன்வாசி:

சிங்கப்பூர்லேருந்து. நடுவருக்கு ஆள் கிடைக்காத நாளைக்கு ஒண்ணு சொல்றேன். எங்க புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல, அதான் கீழ்த்தளத்துத் திறந்த இடத்துல, சீன அங்கிள்கள் சாயங்காலம் சியாங்சி, அதாவது சீனச் செஸ் ஆடுவாங்க. சில நாள் முழுப் பலகை இல்லாம பாதிப் பலகையில ஆடுறதைப் பார்த்தேன். எல்லாக் காயும் குப்புறக் கிடக்கு. கேட்டேன், இது பான்சியாம்.

சீனச் செஸ்ல காய் எல்லாம் வட்டமா, கேரம் காய் மாதிரி இருக்கும். மேல எழுத்து, பின்னாடி மொட்டை. அதனால கவிழ்த்தா எது எதுன்னு தெரியாது. மொத்தம் 32 காய், நாலுக்கு எட்டுக் கட்டம், சரியா நிரம்பிடும். குலுக்கிக் குப்புற வைக்கணும். முதல் ஆள் ஒண்ணைத் திருப்பணும். வந்த நிறம் அவனோடது. அப்புறம் ஒவ்வொரு முறையும் ஒண்ணு திருப்பலாம், இல்லைன்னா திரும்பியிருக்கிற தன் காயை ஒரு கட்டம் நகர்த்தலாம், வெட்டலாம். பெரியது சின்னதையும் சமமானதையும் வெட்டும். ராஜாவைச் சாதாரணமா சின்னக் காய் தொட முடியாது, ஆகக் கடைசித் தரமான சிப்பாயைத் தவிர. சிப்பாய் ராஜாவை வெட்டும், ராஜா சிப்பாயை வெட்ட முடியாது. எங்க அங்கிள் ராஜாவைத் திருப்பினா சந்தோஷப்பட மாட்டார், "ஐயோ" மாதிரி ஒரு சத்தம் விடுவார். ஏன்னா பக்கத்துல குப்புறக் கிடக்கிறதுல எது சிப்பாயோ!

பீரங்கின்னு ஒரு காய், நடுவுல ஒரு காயைத் தாண்டித்தான் வெட்டும். ஊருக்கு ஊர் இதுக்கு விதி மாறும், முதல்லயே பேசி வெச்சுக்கிறது நல்லது. நான் பேசாம உட்கார்ந்து ஒரு காப்பி தோத்தேன்.

சும்மா ஒரு விஷயம். நாம யானைன்னு சொல்ற மூலைக்காய் அங்க தேர். அவங்க யானை நம்ம பிஷப் இடத்துல நிக்குது. அதுலயும் கறுப்புக்கு யானைன்னு எழுதியிருக்கும், சிவப்புல அதே காய்க்கு மந்திரின்னு எழுதியிருக்கும். எங்க தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம், பிஷப்பை மந்திரின்னுதான் சொல்லுவார். அதைப் பார்த்த அன்னிக்கு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஜியெச்சின்னு இன்னொண்ணும் இருக்கு. அதுல முழுப் பலகை, ராஜா மட்டும் மல்லாக்க, மீதி எல்லாம் குலுக்கி அதது வழக்கமான இடத்துல குப்புற. குதிரை இடத்துல இருக்கிற காய் முதல் தடவை குதிரையாப் போகும், போனதும் திருப்பணும், அது என்னவோ அதுவா இருந்துட்டுப் போகும். உங்க மச்சினனுக்கு அது பிடிக்கும். சோடா மூடியில ஸ்டிக்கர் ஒட்டி நம்ம செஸ்ஸுக்கும் செய்யலாம்.


ராக்கோழி:

போன் வேண்டாம்னு சொல்லிட்டீங்க, ஆனா மச்சினனைத் தனியா மாட்டவைக்க இது. செஸ்.காம்ல ஃபாக் ஆஃப் வார்னு ஒரு வகை இருக்கு. டென்மார்க்காரங்க ரெண்டு பேர் 1989-ல கண்டுபிடிச்ச டார்க் செஸ்தான் அது. உங்க காய் போகக்கூடிய கட்டம் மட்டும் தெரியும், மீதியெல்லாம் மூட்டம். நடுவர் இல்லை, செக் சொல்ல ஆள் இல்லை, மேட்டும் இல்லை. ராஜாவை வெட்டினா முடிஞ்சது.

நான் ராத்திரி பதினொரு மணிக்கு முதல் ஆட்டம் தொடங்கினேன், கால் நிமிஷத்துல முடிஞ்சது. எதிராளி சி3 தள்ளியிருக்கார், எனக்குத் தெரியாது. நான் டி5. அவர் ராணியை ஏ4-க்குக் கொண்டுபோயிருக்கார், அதுவும் தெரியாது. நான் சமர்த்தா குதிரையை எஃப்6-ல வெச்சேன். ராணி ஏ4, பி5, சி6, டி7 வழியா நேரா வந்து இ8-ல என் ராஜாவைத் தூக்கிடுச்சு. மூணே மூவ். வழக்கமான செஸ்ல அது வெறும் செக், சிப்பாயை நடுவுல வெச்சா தீர்ந்தது. அன்னிலேருந்து டி சிப்பாயைத் தள்ளினா ஏ4-ல யார் இருக்கான்னு வயித்துல புளி கரைக்கும்.

நடுவர் சொன்ன "கேள்வியும் மூவும் ஒண்ணு" பிடிக்காதவங்களுக்கு அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலையோட ஆய்வகம் ஒண்ணு உருவாக்கின ஆட்டம் இருக்கு. ஒவ்வொரு முறையும் நகர்த்துறதுக்கு முன்னாடி மூணுக்கு மூணு கட்டத்துல எங்க வேணும்னாலும் எட்டிப் பார்த்துக்கலாம். எங்க பார்த்தீங்கன்னு எதிராளிக்குத் தெரியாது. 2019-ல கம்ப்யூட்டர் நிரல்களுக்கு இதுல போட்டியே வெச்சாங்க. மகள் ஒன்பது கட்டத்தை ஒரு துண்டுத்தாள்ல வரைஞ்சு காட்டினா வீட்டுலயும் ஆடலாம், ஆனா பாவம் அந்தப் பிள்ளை.


பாளைக்காரன்:

ஞாயிறு ஆடியாச்சு. கிரீக்ஸ்பீல்தான். ஹால்ல முதுகைக் காட்டி உட்கார்ந்தோம், மகள் நடுவுல ஸ்டூல் போட்டு. நடுவர் சம்பளம் ஒரு ஆட்டத்துக்கு இருபது ரூபாய்னு முதல்லயே வாங்கிட்டா.

முதல் ஆட்டம் சரியில்லை. மூணாவது நிமிஷமே, "மாமா, அங்க போக முடியாது, அப்பாவோட குதிரை நிக்குது"ன்னு போட்டு உடைச்சுட்டா. நான் கத்தினேன், அவ அழப் பார்த்தா, அவங்க அம்மா அடுக்களையிலேருந்து வந்து என்னைத்தான் திட்டினா. அந்த ஆட்டம் அவன் ஜெயிச்சான்.

ரெண்டாவது ஆட்டத்துல பிள்ளை தேறிட்டா. ஆகாசவாணி செய்தி மாதிரி ஒரே குரல். மச்சினன் இருட்டுலயும் கேரோ கான் வெச்சிருக்கான்! நான் ஓரத்து சிப்பாய்களை மட்டும் நகர்த்திட்டு இருந்தேன், அவன் எனக்கு நடுவுல ஒரு படையே நிக்கிறதா நினைச்சு பிஷப்பை இ6-க்கு முன்னாடி வெளியே எடுத்திருக்கான். அப்புறம் நடுவர் ஐயா சொன்னதேதான். என் ஏ வரிசை காலியான்னு பார்க்க யானையை முழு நீளத்துக்கு இறக்கினான், "கறுப்பு ஆச்சு"ன்னதும் முதுகுக்குப் பின்னாடி ஒரு "ச்சே" கேட்டுச்சு. ஏதோ வந்து இறங்கியிருக்குன்னு அந்தச் சத்தத்துலயே புரிஞ்சுது. பின்வரிசையில ஒவ்வொரு கட்டமா ராணியால தடவிப் பார்த்து யானையை எடுத்துட்டேன். நாப்பதாவது மூவுக்கு மேல, அவன் ராஜா எங்க இருக்குன்னு தெரியாமலே மேட். மகள்தான் "முடிஞ்சுது, அப்பா ஜெயிச்சாச்சு"ன்னா. எனக்கே நம்பிக்கை வரலை.

சிக்கல் ராத்திரிதான் வந்தது. அவன் நோட்டை வாங்கி மூவ் மூவா திருப்பி ஆடிப் பார்த்திருக்கான். நான் ஒரு சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளினப்போ அவன் சிப்பாய் பக்கத்துலயே நின்னிருக்கு. அவன் "உண்டா?"ன்னு கேட்டிருக்கான். மகளுக்கு ஆன் பாசான் (ரெண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயை, ஒரு கட்டம்தான் வந்த மாதிரி பக்கத்துச் சிப்பாய் வெட்டுறது) தெரியாது, "இல்லை"ன்னுட்டா. அதனால ஆட்டம் செல்லாதுங்கிறான். போன்ல ரெண்டு நாளா இதே பேச்சு. நடுவர் ஐயா, ஆன் பாசானும் "உண்டா"வுல சேர்த்தியா? என் ஜெயம் நிக்குமா நிக்காதா?


நடுவர்64:

சேர்த்திதான், "உண்டு" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவன் அப்படி வெட்டினால் அது ஆன் பாசான் என்பதையும் சேர்த்து அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டுப்பட்டவனுக்குத் தன் சிப்பாய் எங்கே போயிற்று என்றே புரியாது. பிள்ளைக்கு இந்த வாரம் அதை மட்டும் கற்றுக்கொடுங்கள்.

ஜெயம் நிற்கும். எங்கள் ஹாஸ்டல் சட்டப்படி ஆட்டம் முடிந்து காயைப் பெட்டியில் போட்ட பிறகு நடுவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று மச்சினன் கேட்டால், மேலே நான் எழுதிய குதிரை விஷயத்தை மட்டும் காட்டிவிடாதீர்கள்.